எந்த ஊர்த் தேதி?

இந்தியாவில் இருந்துகொண்டு கணினி நிரல் எழுதுகிற எவரிடமும் 18:30 என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கும். நாகர்கோவில் பையன் ஒருவன் ஒரு விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதியை 1998 மே 12 என்று நிரப்புகிறான். படிவத்தின் நிரல் அதை அந்த நாளின் உள்ளூர் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்புமுன் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றுகிறது. ஐந்தரை மணி நேரம் குறைகிறது. டேட்டாபேஸில் போய் உட்காருவது மே 11, 18:30. அப்புறம் வேறொரு நிரல் வந்து நேரத்தை வெட்டிப் போட்டுவிட்டுத் தேதியை மட்டும் எடுத்து அட்டை அடிக்கிறது. பையன் ஒரு நாள் முந்திப் பிறந்தவனாகிவிடுகிறான். எங்கோ ஒரு டேட்டாபேஸில் 18:30, 18:30 என்று கீழ்நோக்கி வரிசை ஓடினால், அதை எழுதியவர்கள் இந்தியர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒவ்வொன்றும் நம் ஆட்கள் யாரோ ஒருவரின் நள்ளிரவு.

ஜாவாஸ்கிரிப்டின் தேதி வகையை இதற்குக் குறை சொல்வது வழக்கம். சொல்லலாம், தகும். 1995இல் பிரெண்டன் ஐக் அந்த மொழியைப் பத்து நாளில் கட்டியெழுப்பியபோது தேதிப் பகுதியை ஜாவாவில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டார்கள். ஜாவாக்காரர்கள் 1997இலேயே அதில் பெரும்பகுதியைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கியவர்கள் இன்றுவரை சுமக்கிறார்கள். ஜனவரி அதில் பூஜ்யமாவது மாதம். தேதியை மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு, கூடவே நேரத்தையும் கொடுத்தால் உள்ளூர் நேரம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, அப்படி அமைந்துபோயிற்று.

ஆனால் மொழியைத் திட்டிவிட்டு நகர்ந்தால் விஷயம் நழுவிவிடும். பிறந்த தேதி என்பது ஒரு கணம் அல்ல. அது ஒரு ஊரின் நாட்காட்டியில் ஒரு கட்டம். ராக்கெட் கிளம்பிய நேரம், வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நேரம், நிலநடுக்கம் இவையெல்லாம் கணங்கள். உலகம் முழுமைக்கும் ஒன்று, எந்தக் கடிகாரத்தில் பார்த்தாலும் அதே கணம். பிறந்தநாளோ, ஆடி அமாவாசையோ, சுசீந்திரம் தேரோட்டமோ அப்படியல்ல. இந்த இரண்டும் வேறு வேறு சாதி என்பதை வகைகளாகவே தெளிவாகப் பிரித்துக் கொடுத்த பெரிய மொழிகளில் ஒன்று ஜாவா. அதுவும் 2014இல், எட்டாம் பதிப்பில், ஸ்டீபன் கோல்பர்ன் முன்னின்று செய்த வேலை. ஜாவாஸ்கிரிப்டுக்கு அதே பிரிவினை டெம்போரல் என்ற பெயரில் இப்போதுதான் உலாவிகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது.

பைதானில் இன்னொரு விசித்திரம் உண்டு. பைடிஜெட் என்ற நூலகத்தைக் கொண்டு இந்திய நேரத்தைத் தேதியோடு நேரடியாக ஒட்டினால், 5:30க்குப் பதில் 5:53 என்று வந்து நிற்கும். இந்த இருபத்துமூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது என்று விழி பிதுங்கியவர்கள் பலர். கணினி உலகம் முழுக்கப் பயன்படுத்தும் நேரமண்டலக் கோப்பில் நம் நேரத்தின் பெயர் ஏசியா/கொல்கத்தா. 1970க்குப் பிறகு ஒரே கடிகாரத்தைப் பின்பற்றிய நிலப்பரப்புக்கு ஒரு பதிவு, அதற்கு அங்குள்ள பெருநகரம் ஒன்றின் பெயர் என்பது அந்தக் கோப்பின் விதி. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிவைத்தது. பின்னர் பால் எகர்ட் பராமரிக்கத் தொடங்கினார். கொல்கத்தா பதிவின் முதல் வரி அந்த ஊரின் சூரியக் கணக்குப்படியான பழைய நேரம்: 5 மணி 53 நிமிடம் 28 விநாடி, 1854 வரைக்கும். நூலகம் எந்த வரி என்று கேட்காமல் முதல் வரியைப் பிடித்துக்கொள்கிறது. 2020இல் வந்த பைதான் 3.9இல் இதற்கு ஒழுங்கான மாற்று வந்துவிட்டது. பழைய நிரல்களில் கல்கத்தாவின் ஆவி இன்னும் உலவுகிறது.

அதே பதிவில் 1870 முதல் 1905 முடிய ஓடுவது மதராஸ் நேரம், 5:21:10. ரயில்வே அந்த நேரத்தைத்தான் வைத்திருந்தது. 1906 ஜனவரி 1 முதல் 5:30. உலகப் போரின்போது ஒரு மணி நேரம் கூட்டினார்கள், 1942 செப்டம்பரில் இருந்து 1945 அக்டோபர் நடுவரை 6:30. அந்த மூன்று ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் சோதிடர் ஒரு மணியைக் கழித்துவிட்டே லக்கினம் பார்ப்பார். கணினிக்காரர்களுக்குக் கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிற சங்கதி, சோதிடருக்கு மனப்பாடம்.

நம் ஊரான கன்னியாகுமரி இந்தப் பதிவில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. முனையின் நெடுங்கோடு ஏறத்தாழ 77 பாகை 33 கலை. சூரியக் கணக்குப்படி நம் நேரம் 5:10. கொல்கத்தாவின் அசல் நேரத்துக்கும் நமக்கும் 43 நிமிட வித்தியாசம். இந்திய நேரத்துக்கும் நமக்கும் 20 நிமிடம். காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழும் என்பார்களே, அன்றைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது நம் கைக்கடிகாரத்தில் 12 மணி 9 நிமிட வாக்கில். பூமியின் ஓட்டம் சீராக இல்லாததால் அந்த நாளில் பத்து நிமிடம் சலுகை கிடைக்கிறது, இல்லாவிட்டால் 12.20. நாகர்கோவில் மணிமேடை 1893இல் திறக்கப்பட்டது. இந்திய நேரம் என்ற ஒன்று பிறக்க இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்தது. ரயில் நேரம் ரயிலோடு வந்துசேர்ந்த ஊர்களில் நம் ஊர் இல்லை. ரயிலே 1979இல்தான் வந்தது.

நேரத்தில் இருபது நிமிடம் முன்னே பின்னே இருந்தால் பெரிய நட்டமில்லை. நம் நாஞ்சில் நாட்டின் உண்மையான சிக்கல் தேதியில் இருக்கிறது.

1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. நிலப் பிரமாணம், பாட்டச்சீட்டு, ஒற்றி, கோயில் கணக்கு, கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கும் இந்த ஆண்டுக்கு முதல் மாதம் ஆவணி, மலையாளத்தில் சிங்கம். ஆகவே ஆவணியில் இருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியில் இருந்து ஆடிக் கடைசிவரை 825. பழைய தலைமுறையில் இதை மனக்கணக்காகப் போடாதவர் கிடையாது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பிரமாணத்தை எடுத்துக் கொடுத்து, என்ன தாத்தா ஆயிரத்து நூத்தியொண்ணுன்னு கிடக்கு என்று கேட்டால், அது கொல்லம்லா மக்கா என்று பதில் வரும்.

அந்தப் பிரமாணத்தின் தேதி 4-3-1101 என்று வைத்துக்கொள்வோம். நாள், மாதம், ஆண்டு, நடுவில் கோடு. பைதானின் தேதி வாசிக்கும் கட்டளைக்கு இதைக் கொடுத்தால் ஒரு முனகலும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். 1101 மார்ச் 4. சோழநாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம். உண்மையில் அது ஐப்பசி 4, 1925 அக்டோபர் 20 வாக்கில். எட்டு நூற்றாண்டுக்கு மேல் பிசகியும் நிரலுக்கு ஒரு எச்சரிக்கைகூடத் தோன்றாது, ஏனென்றால் வடிவம் சரியாக இருக்கிறது. 30-2-1101 என்று இருந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். புரட்டாசி 30 அதற்குப் பிப்ரவரி 30 ஆகத் தெரியும். ஆனி 32 வந்தால் திகைத்து நிற்கும். நம் மாதங்களுக்கு 32 நாள் வருவதுண்டு. ஆக ஆயிரம் ஆவணத்தை ஏற்றினால் சில பத்துப் பிழைகள் திரையில் வரும், அவற்றைக் கையால் திருத்திவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துபோவார்கள். கத்திய பிழைகள் திருந்தும். மிச்சமெல்லாம் அமைதியாகப் பொய் சொல்லிக்கொண்டு கிடக்கும். எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்பதில்லை என்று எல்லாரும் குறைபட்டுக்கொள்வார்கள். இந்த ஒரு இடத்தில் அதன் மூடத்தனம் நமக்குக் காப்பு: 1101 அங்கே வெறும் எழுத்தாக, எழுதியபடியே இருக்கும்.

சட்டங்களுக்கும் இதே கதி. நாஞ்சில் நாட்டு வேளாளர் மருமக்கள்வழி வாரிசுமுறையில் இருந்து விடுபட வழிசெய்த சட்டம், கவிமணி தம் மான்மியத்தில் அழுது சிரித்த துயரத்துக்கு முடிவு கட்டிய சட்டம், திருவிதாங்கூர்ச் சட்ட வரிசையில் 1101ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டு வாரியாக அடுக்கித் தரும் ஒரு தேடல் நிரல் இதை எங்கே வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லத்தைக் கிறிஸ்து ஆண்டுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க முடியாது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்த திருப்படிதானம் கொல்லம் 925 தை 5. புத்தகங்களில் இதற்கு நேராக 1750 ஜனவரி 3 என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1750இல் தை முதல் தேதி இன்றைய நாட்காட்டிப்படி ஜனவரி 10ஐ ஒட்டி விழுகிறது. தை 5 ஜனவரி 14 வாக்கில் வர வேண்டும். பதினொரு நாள் இடிக்கிறது. அந்தப் பதினொரு நாள்தான் ஆங்கிலேயர் கைக்கொண்டிருந்த பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கும் அன்றைக்கு இருந்த இடைவெளி. 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று எண்ணித்தான் அவர்கள் அதைச் சரிசெய்தார்கள். ஜனவரி 3 தப்பில்லை, ஆனால் அது பழைய கணக்கின் ஜனவரி 3. பைதானுக்கு ஜூலியன் என்றால் என்னவென்றே தெரியாது; கி.பி. 1இல் இருந்து கிரிகோரியனை நீட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் 1750 ஜனவரி 3 என்று போட்டால் மன்னர் மார்கழியிலேயே நாட்டைக் கொடுத்துவிடுவார்.

மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களோடு மோதிய குளச்சல் போருக்கும் அப்படித்தான். டச்சுக்காரர்கள் புதிய நாட்காட்டி, ஆங்கிலேயர் பழையது. ஆகவே 1741 ஆகஸ்ட் 10, 1741 ஜூலை 30 இரண்டும் ஒரே நாள், நம் கணக்கில் கொல்லம் 916 ஆடி. கணினியில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் நெடுங்காலம் புழங்கிய தேதி வகை 1753 ஜனவரி 1க்கு முந்தைய எதையும் ஏற்காது. சைபேஸ் காலத்தில் அதை வடிவமைத்தவர்கள் 1752இன் குழப்பத்துக்குள் தலையைக் கொடுக்க விரும்பவில்லை. அந்த டேட்டாபேஸில் குளச்சல் போரும் திருப்படிதானமும் நடக்கவே முடியாது. போரில் பிடிபட்ட டச்சுத் தரப்பு டிலனாய் மட்டும் உள்ளே வரலாம், ஏனென்றால் அவர் இறந்தது 1777. உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது.

பழைய காலத்து எழுத்தர்கள் இந்த ஆபத்தை அறிந்தே இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். திருவிதாங்கூருக்கு முந்தைய வேணாட்டுக் கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். கொல்லம் தோன்றி இத்தனையாவது ஆண்டு என்று தொடங்குவார்கள், பெரும்பாலும் எண்ணை எழுத்தால் விரித்து. பிறகு ஞாயிறு எந்த ராசியில், மாதத்தில் எத்தனை நாள் சென்றது, கிழமை, நட்சத்திரம். பல கல்வெட்டுகளில் வியாழன் நின்ற ராசியும் உண்டு. ஒரு நாளைச் சொல்ல இத்தனை எதற்கு? ஒன்று சிதைந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு, ஆகவே ஆண்டில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தாலும் பிடித்துவிடலாம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பெரிய பஞ்சாங்கத் தொகுதிகளை வைத்துக்கொண்டு கல்வெட்டாய்வாளர்கள் நாள் கணித்ததெல்லாம் இந்தக் கூடுதல் விவரங்களின் பலத்தால்தான். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்துப் பிரதி எடுத்தாரே, பின்னாளில் அ.கா. பெருமாள் பதிப்பித்தாரே, அவற்றிலும் எந்த ஆண்டுக் கணக்கு என்பது தேதியோடேயே எழுதப்பட்டிருக்கிறது. பார்க்கிறவன் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடவில்லை.

கணினி உலகம் அந்த இடத்துக்கு வந்துசேர 2024 ஏப்ரல் ஆயிற்று. அப்போதுதான் இணையத்தின் நியமங்களில் ஒன்றாக ஆர்எஃப்சி 9557 வெளியானது. தேதி, நேரம் இவற்றின் பின்னால் சதுர அடைப்புக்குள் எந்த ஊர் நேரமண்டலம், எந்த நாட்காட்டி என்பதையும் எழுதிவைக்க அது இடம் தருகிறது. ஹீப்ரு, பாரசீகம், எத்தியோப்பியம், ஜப்பான் எல்லாவற்றுக்கும் சீட்டு இருக்கிறது. இந்தியன் என்று ஒன்றும் இருக்கிறது. அது மேக்நாத் சாஹா குழு பரிந்துரைத்து 1957 மார்ச் 22 முதல் நடப்புக்கு வந்த சக ஆண்டு. அரசிதழுக்கும் வானொலிக்கும் வெளியே அதை வைத்து யாரும் கலியாணத்துக்கு நாள் குறித்ததாகத் தெரியவில்லை. 2024 ஆகஸ்டில் 1200ஐத் தொட்ட கொல்லத்துக்குச் சீட்டு இல்லை. தமிழ் மாதங்களுக்கும் இல்லை.

யாரும் வஞ்சகமாக விட்டுவிடவில்லை, நாம் போய்க் கேட்கவில்லை. கேட்டாலும் ஒரு கேள்விக்கு நாமே முதலில் பதில் வைத்திருக்க வேண்டும். சூரியன் ராசி மாறும் கணம் சூரிய அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ்நாட்டு வழக்கு. மலையாள வழக்கில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது பகல் ஒரு மணியைக் கொஞ்சம் தாண்டும் முன் வந்தாக வேண்டும், இல்லையேல் மறுநாள்தான். 2023இல் சங்கிரமம் ஏப்ரல் 14 பிற்பகலில் வந்தது. தமிழ்ப் புத்தாண்டு 14ஆம் தேதி, விஷு 15ஆம் தேதி. கிழக்கே ஒரு நாட்காட்டியும் கல்குளம் விளவங்கோடு பக்கம் இன்னொரு நாட்காட்டியும் சுவரில் தொங்கும் மாவட்டத்தில் சித்திரை ஒன்று எந்த நாள்? இரண்டு விதியையும் நிரலாக எழுதும் முறை டெர்ஷோவிட்ஸ், ரெய்ங்கோல்ட் இருவரும் எழுதிய நாட்காட்டிக் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. கணிதம் தடையில்லை.

கடல்பக்கம் திரும்பினால் கணம் வேறு, தேதி வேறு என்ற அதே விஷயத்துக்கு இன்னொரு முகம். மழையளவு காலை 8.30 மணி வரை என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். 8.30 நமக்குப் பிடித்த மணி அல்ல, அது கிரீன்விச்சில் அதிகாலை 3 மணி. உலகம் முழுக்க ஒரே கணத்தில் வானிலையை அளக்கிறார்கள். ஒக்கி, 2017 நவம்பர் 30 காலை 8.30 நிலவரப்படிதான் புயல் என்று பெயர் பெற்றது. தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் அதற்கு எத்தனையோ நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் யூடிசியில் டிசம்பர் 26, 00:58:53. நமக்குக் காலை 6.28. அந்தக் கணத்தை நியூயார்க் நேரத்தில் காட்டச் சொன்னால் கணினி டிசம்பர் 25 மாலை என்று காட்டும், அது சரியும்கூட. ஆனால் மணக்குடிப் பாலம் அடித்துக்கொண்டு போனது 26ஆம் தேதி. குளச்சலில் மெழுகுவத்தி ஏற்றுவது 26ஆம் தேதி. நிலநடுக்கம் ஒரு கணம், நினைவுநாள் ஒரு தேதி; ஒன்றை மற்றொன்றாக மாற்றி வைக்கிற நிரல் ஊர்ச் சாவை ஒரு நாள் தள்ளி வைக்கும்.

இலங்கையில் நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். மின்சாரப் பஞ்சத்தால் 1996 மே மாதம் கடிகாரத்தை 6:30க்கு ஏற்றினார்கள், அக்டோபரில் 6:00க்கு இறக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய 5:30க்குத் திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. எல்லைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டினால் கடிகாரம் மாறும். நேரமண்டலக் கோப்பில் கொழும்பு மட்டும் இருக்கிறது, கிளிநொச்சி இல்லை. 2000இல் கிளிநொச்சியில் பிறந்த ஒருவருக்குக் கணினி ஜாதகம் கணித்தால் அரை மணி பிசகும். அந்தக் கோப்பை யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லைதான். ஆனாலும் நேரம் யாருடைய ஆணைப்படி என்பதை அது ஒரு பக்கமாகவே எழுதிவைத்திருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோயில்களிலும் பங்கு ஆலயங்களிலும் வீட்டுப் பரணிலும் கிடக்கும் ஏடுகளையும் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை அங்கங்கே நடக்கிறது, நல்ல காரியம். அதைச் செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. தேதிக்கு ஒரு கட்டம் மட்டும் வைக்காதீர்கள். ஏட்டில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே ஒரு கட்டத்தில், எழுத்து வகையாகவே, போடுங்கள். மாற்றிய கிறிஸ்து ஆண்டுத் தேதிக்கு இன்னொரு கட்டம். எந்த நாட்காட்டி, எந்த விதிப்படி மாற்றினீர்கள் என்பதற்கு மூன்றாவது. மாற்றியதில் தவறு இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார். முதல் கட்டம் இல்லாவிட்டால் திருத்த எதுவும் மிஞ்சாது.